ஐந்தாம் வீட்டுக் காபி

என் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகும் நான் குண்டாகிக் காட்டினேன்.

இப்படித் தொடங்கிவிட்டு ஒரு டயட்டின் பெயரைச் சொல்லி, "இப்ப இதுல இருக்கேன், நல்லா குறையுது" என்று முடித்தால் கேட்கிறவர்களுக்கும் திருப்தி, எனக்கும் மரியாதை. சில வருடங்களாக அதைத்தான் செய்துவந்தேன். பேலியோ, சிறுதானியம், பதினாறு மணி நேர விரதம், கொள்ளு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன், விட்டேன், அடுத்ததைத் தேடினேன். எந்த டயட் எனக்குப் பொருந்தும் என்று நான் உட்கார்ந்து ஆராய்வதைப் பார்த்து, நான் ஏதோ பெரிய போராட்டம் நடத்துவதாக வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். காலையிலிருந்து ராத்திரி வரை என் வாய்க்குள் என்னென்ன போகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

திருச்சியில் ஆயுள் காப்பீட்டு முகவர் நான். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்; 2019 கடைசியில் எடை 118 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் ராத்திரி முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின். கைலாசபுரம் பெல் குடியிருப்பில் மாடி வீட்டுக்காரர்களைக் கீழே வரச்சொல்லித்தான் கையெழுத்து வாங்குவேன். யாரும் முகம் சுளித்ததில்லை. "நீங்க ஏன் மேடம் ஏறணும், நாங்க வரோம்" என்பார்கள். சுளித்திருந்தால்கூடத் தேவலை.

2020 ஜனவரியில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். முதிர்வடைந்த என் சொந்தப் பாலிசிப் பணம், போதாததற்கு நகைக்கடன். வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கருவிகளை உள்ளே விட்டு, உப்பிய பையாக இருக்கும் இரைப்பையை நெடுக ஸ்டேப்ளர் அடித்து, வெளிப்பக்கத்துப் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். எழுபத்தைந்து முதல் எண்பது சதவீதம் போய்விடும். மிஞ்சுவது ஒடுங்கலான குழாய் ஒன்று. ஒரு சின்ன டம்ளர் கொள்ளும். வெட்டிப்போடுகிற மேல்பகுதியில்தான் கிரெலின் என்கிற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. ஆகவே இடமும் குறையும், பசியும் குறையும். முதலில் தண்ணீர், இளநீர், பருப்புத் தண்ணீர்; பிறகு மசித்தது; பிறகு மெத்தென்றிருப்பது; கடைசியாக மற்றவர்கள் சாப்பிடுவது. அரை இட்லிக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வரும், போகும். எனக்குச் சம்பந்தமில்லாத சங்கதியாக இருக்கும். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. அதைப் பற்றியும் கவலைப்படவில்லை. வாரத்துக்கு வாரம் எடை இறங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. எங்கள் தொழில் முழுக்கப் போனுக்குப் போனது. பிரீமியம் ஆன்லைனில், பேச்சு போனில், நான் வீட்டில். 2021 முடிவதற்குள் 73 கிலோவுக்கு வந்துவிட்டேன். சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். மூச்சு மெஷின் பரணுக்குப் போனது. பெல் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். திறந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை; அந்த ஒரு நிமிடத்துக்காக எவ்வளவு கடன் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று தோன்றியது.

இந்த இடத்தில்தான் என் முதல் பொய் ஆரம்பிக்கிறது, அப்போது அது பொய் என்று எனக்கே தெரியாது. மருத்துவமனையில் புதிதாக அறுவை சிகிச்சைக்கு யோசிக்கிறவர்களுக்காக ஒரு கூட்டம் நடத்தி, என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பழைய ஜாக்கெட் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் விரித்துக் காட்டினேன். கைதட்டல். "ஆபரேஷன் பாதிதாங்க, மீதி மனக்கட்டுப்பாடு" என்றேன். அதற்கும் கைதட்டல். விற்கத் தெரிந்தவள் நான். என்ன சொன்னால் கூட்டம் தலையாட்டும் என்று எனக்குத் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் ஒன்றிரண்டு வருடம் எடை தானாகவே இறங்கும் காலம் என்பதையும், அந்தக் காலத்தில் பெரும்பாலும் நான் யார் வீட்டு வாசற்படியும் மிதிக்கவில்லை என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஊரடங்கு செய்த வேலைக்கு மனக்கட்டுப்பாடு என்று பெயர் வைத்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் கரூரைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள். கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களப் பார்த்தப்புறம்தான் எனக்கு தைரியம் வந்துச்சு" என்றாள். அவள் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பியபோது பார்க்கப் போனேன். போன இடத்தில் அவள் மகன் பெயரில் ஒரு பாலிசியும் எழுதிக்கொண்டு வந்தேன்.

2022-ல் வீடு வீடாகப் போவது பழையபடி ஆனது. என் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை பத்தரைக்கு உறையூரில் ஒரு வீடு, உட்கார்ந்ததும் காபி. அடுத்து தில்லை நகர். காபி, கூடவே தட்டில் மணப்பாறை முறுக்கு. மத்தியானம் வீடு. எல்லோர் எதிரிலும் ஒரு கரண்டிச் சோறு, ஒரு முட்டை, கொஞ்சம் கீரை. "இவ்ளோதானாம்மா உன் சாப்பாடு?" என்று மகள் வருத்தப்படுவாள். நான் தியாகி மாதிரி புன்னகைப்பேன். மூன்று மணிக்குப் பாலக்கரை. டீ, தோய்த்துச் சாப்பிட பிஸ்கட். நாலரைக்கு இன்னொரு வீடு. அங்கே பேரன் பிறந்திருந்தால் கேசரி. ஐந்தாவதாக ஸ்ரீரங்கம், பித்தளை டபராவில் கள்ளிச்சொட்டாகக் காபி. ஸ்ரீரங்கத்து வீடுகளை நான் ஏன் எப்போதும் கடைசியாக வைத்துக்கொள்வேன் என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். போக்குவரத்து நெரிசல் என்று சொன்னேன். காபிதான் காரணம்.

ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு முட்டை, கோழி, சுண்டல் மாதிரி கெட்டியான உணவுதான் குழாயில் நின்று போதும் என்று சொல்லும். காபி நிற்காமல் இறங்கிவிடும். முறுக்கு கடிக்கும்போதுதான் கெட்டி, மென்றால் கூழ். ஐஸ்கிரீமை மெல்லவே வேண்டாம். அதனால்தான் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் விடுங்கள் என்று முதல் நாளே சொல்லி அனுப்புகிறார்கள். நான் அந்த விதியைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டேன். இரண்டாவது முறுக்கு இறங்க மறுத்தால் ஒரு வாய் காபி குடித்தால் இடம் கிடைக்கும். யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தது. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் காபி நூறு கலோரிக்குக் குறையாது. கையால் சுற்றிய முறுக்கு ஒன்றும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரை நின்றுபோன தைரியத்தில் காபிக்குச் சர்க்கரை திரும்பி வந்திருந்தது.

இதற்கு ஒரு நல்ல சமாதானம் வைத்திருந்தேன். "எங்க தொழில்ல காபி வேணாம்னா பாலிசி வேணாம்னு அர்த்தம்." சக முகவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், ஒத்துக்கொள்வார்கள். இது சுத்தப் பொய். எங்கள் கிளையிலேயே வெந்நீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடிக்கிற ஒருவர் இருக்கிறார்; என்னைவிட அதிகப் பாலிசி எழுதுகிறார். மோர் கேட்டிருந்தால் எந்த வீட்டிலும் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார்கள். எனக்குக் காபி வேண்டியிருந்தது. உபசரிப்பு என்ற பெயரில் அது வந்ததால் நான் சாப்பிட்ட கணக்கில் சேரவில்லை.

எடை ஏறுவது முதலில் ஜாக்கெட்டுக்குத்தான் தெரிந்தது. எடை மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். கோயம்புத்தூருக்கு வருடாந்திரப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தினேன். போனால் மெஷினில் ஏறச் சொல்வார்களே. ஆயுள் முழுக்கப் போடச் சொன்ன பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகளும் அத்தோடு நின்றன. மாத்திரையைப் பார்த்தாலே அந்த மருத்துவமனையும் கைதட்டலும் ஞாபகம் வரும். இது என்ன நியாயம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எடை ஏறியதற்கும் மாத்திரையை நிறுத்தியதற்கும் சம்பந்தமே கிடையாது. வெட்கம் சம்பந்தம் பார்ப்பதில்லை.

2023-ல் கரூர்ப் பெண் போன் செய்தாள். "அக்கா, எனக்கு ஏறுதுக்கா. ஆறு கிலோ ஏறிருச்சு. பயமா இருக்கு. உங்களுக்கு இப்படி ஆச்சாக்கா?" என்று கேட்டாள்.

அப்போது எனக்கு ஏறியிருந்தது ஆறு கிலோ அல்ல, பதினான்கு.

"எனக்கெல்லாம் ஆகலம்மா," என்றேன். "ராத்திரி உக்காந்து எதாவது கொறிக்கிறியா? ஸ்வீட்டா? கட்டுப்பாடு இல்லேன்னா அந்தக் கடவுளே வந்து வெட்டினாலும் ஏறத்தான் செய்யும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "சரிக்கா" என்றாள். இந்த வாக்குமூலத்தில் என்னை உறுத்துகிற இடம் இதுதான். நான் என் உடம்புக்குச் செய்ததை எனக்கும் டாக்டருக்கும் நடுவில் தீர்த்துக்கொள்ளலாம். தன்னைப் போலவே இன்னொருத்திக்கும் நடந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் அவள் கூப்பிட்டாள். அது என்னிடம் இருந்தது. பதினான்கு கிலோவாக என் இடுப்பில் இருந்தது. கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், அன்று மேடையில் ஜாக்கெட்டை விரித்துக் காட்டிய பெண் இல்லாமல் போயிருப்பாள். எனக்கு அவள் தேவைப்பட்டாள்.

அந்தப் போனை வைத்த ராத்திரிதான் பேலியோ பற்றித் தேட ஆரம்பித்தேன்.

தமிழ்நாட்டில் பேலியோவுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. காலையில் நூறு பாதாம் அல்லது வெண்ணெய் கலந்த டீ, மதியம் நெய்யில் வதக்கிய காய்கறி, ராத்திரி கறி, முட்டை, பனீர். அரிசி, கோதுமை, சர்க்கரை கிடையாது. எங்கள் தெருவிலேயே அதில் இருந்து நன்றாகக் குறைத்தவர் ஒருவர் இருக்கிறார், ஆகவே டயட்டைக் குறை சொல்ல மாட்டேன். என் குழாய்க்குள் நூறு பாதாம் ஒரே தடவையில் எப்படிப் போகும்? டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வண்டி சிக்னலில் நின்றால் நாலு, வாடிக்கையாளர் செக் புத்தகம் தேடப் போனால் நாலு. நூறு பாதாமில் அறுநூறு கலோரிக்கு மேல் இருக்கிறது. அது நூறோடு நின்றால் அல்லவா. நாள் முழுக்கக் கொறிப்பதற்கு ஒரு டயட்டே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. காபியை விட்டேனா? போகிற வீடுகளில், "சர்க்கரை போடாதீங்க, நாட்டுச் சர்க்கரை இருந்தா போடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அது சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. எங்கே திரும்பினாலும் வரகு, சாமை, தினை, குதிரைவாலி. நானும் அதற்கு மாறினேன். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் கலோரியில் சாமைக்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெய்யும் முந்திரியும் போட்டுச் சாமைப் பொங்கல் செய்தால் பொங்கலுக்கும் பொங்கலுக்கும் வித்தியாசம் இல்லை. பிறகு பதினாறு மணி நேர விரதம். காலை பதினொன்று முதல் மாலை ஏழு வரை மட்டும் சாப்பிடலாம். இதைப் போல எனக்குப் பொருந்திய டயட் வேறில்லை. நான் வீடு வீடாகப் போகிற நேரமும் அதேதான். உறையூர்க் காபியை அரை மணி நேரம் தள்ளிவைத்தேன், மற்றபடி எல்லாமே சட்டத்துக்குட்பட்டு நடந்தது. இடையில், ஐந்தே நாளில் வயிற்றை மறுபடி சுருக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு டயட்டும் முயன்றேன். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய திரவ உணவுக்குத் திரும்பிப்போய், படிப்படியாகக் கெட்டி உணவுக்கு வர வேண்டும். விரிந்த குழாய் அதனால் சுருங்காது. இறங்கிய இரண்டு கிலோவும் நீர்; அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டது.

என் மாமியார் மட்டும் இந்த ஆராய்ச்சிகளை மதிக்கவில்லை. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. இதுக்கு எதுக்குடி புஸ்தகம்?" என்று கொள்ளை வேகவைத்து, தண்ணீரை ரசமாகவும் பருப்பைச் சுண்டலாகவும் கொடுத்தார். நான் தொட்ட எல்லாவற்றிலும் உருப்படியானது அதுதான். நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஒரு நாளைக்கு அறுபது கிராமாவது புரதம் வேண்டும் என்பதுதான் முதல் பாடமே. சுண்டல் குழாயில் நின்றது. வயிறு நிறைந்திருந்தது. பதினொன்றரைக்குத் தில்லை நகரில் காபி இறங்கவில்லை, முறுக்கைப் பார்க்கவே முடியவில்லை. எல்லா டயட்டுகளிலும் இதைத்தான் நான் சீக்கிரம் விட்டேன். வாயு என்று காரணம் சொன்னேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மீதிக் கொள்ளை வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு டயட்டுக்கும் ஒரு தொடக்க நாள் உண்டு. ஆடி முடியட்டும், தீபாவளி கழியட்டும், வருகிற திங்கள். அதற்கு முந்தின ராத்திரி, நாளையிலிருந்து கிடையாதே என்று ஐஸ்கிரீம். டயட்டைத் தேர்ந்தெடுத்தவுடனேயே பாதி இளைத்துவிட்ட மாதிரி ஒரு லேசான நிலை வரும். சமையலறைத் தராசு வாங்குவேன், டப்பாக்கள் வாங்குவேன், பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவேன். எல்லோரிடமும் சொல்வேன். டயட் தோற்றால் டயட்தான் தோற்றது. "எனக்கு ஒத்துக்கல" என்ற ஒரு சொல்லில் கணக்கு முடிந்துவிடும். எந்த டயட்டும் என்னிடம், ஐந்தாவது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அதனால்தான் அவை எனக்குப் பிடித்தன.

நடுவில் விஞ்ஞானத்தையும் துணைக்குக் கூப்பிட்டேன். எடை குறைக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது, அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. 2016-ல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த அன்று நான் அழுதேன். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்விலும், முதல் ஓரிரு வருடத்தில் அடிமட்டத்துக்குப் போன எடை பிறகு கொஞ்சம் ஏறித்தான் நிலைத்திருக்கிறது. ஆக, ஓரளவு ஏறுவது உடம்பின் இயல்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைக் கரூர்ப் பெண்ணுக்குச் சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். நான் எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டேன். "என் தப்பு இல்ல, மெட்டபாலிசம்" என்று கணவரிடம் விளக்கினேன். அன்றைக்கும் ஐந்து வீடு போய்விட்டு வந்திருந்தேன்.

போன வருடம் பாதங்களில் மரமரப்பு வந்தது. ராத்திரியில் எறும்பு ஊர்கிற மாதிரி. சர்க்கரை திரும்பிவிட்டதென்று பயந்து டாக்டரிடம் போனேன். மூன்று மாதச் சர்க்கரை 6.4, விளிம்பில் நின்றது. மரமரப்புக்குக் காரணம் பி12. படுபாதாளத்தில் இருந்தது. ஊசி போட்டார்கள். எடை 96. டாக்டர் திட்டவில்லை. அந்த மாடிவீட்டுக்காரர்களின் அதே நிதானத்தோடு ஒரு டயட்டீசியனிடம் அனுப்பினார்.

சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். "நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து தூங்குற வரைக்கும் என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க மேடம்" என்றாள். ஒரு இட்லி, ஒரு முட்டை, ஒரு கரண்டிச் சோறு, கீரை, ராத்திரி ஒரு தோசை, காபி காலையில் ஒன்று. மனப்பாடமாக இருந்தது. எழுதிக் கூட்டினாள். "அறுநூத்தம்பதுகூட வரல. இதுல தொண்ணூத்தாறு கிலோ நிக்காது மேடம்." நான் மெட்டபாலிசம் என்றேன். அமெரிக்க ஆய்வைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நேத்து எத்தன வீட்டுக்குப் போனீங்க?" என்றாள்.

"அஞ்சு."

"அஞ்சு வீட்லயும் தண்ணி மட்டும்தான் குடுத்தாங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் வயதுக்கு அதிகம் பேசுகிறாள் என்று தோன்றியது. முன்மொழிவுப் படிவத்தை நிரப்பும்போது ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நான் கறாராகச் சொல்வேன்: சர்க்கரை இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள், மறைத்தால் க்ளெய்ம் நிற்காது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் 2015-ல் வந்த திருத்தப்படி, மூன்று வருடம் தாண்டிவிட்டால் எதை மறைத்தாய் என்று கம்பெனி கிளற முடியாது. உடம்பில் அந்தப் பிரிவு இல்லை. என் படிவத்தை அது மூன்றாவது வருடத்தில்தான் எடுத்துப் படிக்கவே ஆரம்பித்திருந்தது. உறையூரில் தொடங்கி ஸ்ரீரங்கம் வரை சொன்னேன். முறுக்கோடு காபி குடிக்கிற தந்திரத்தையும் சொன்னேன். பாதாம் டப்பா அப்போதும் கைப்பையில்தான் இருந்தது. மேஜைமேல் எடுத்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை, அதிர்ச்சி அடையவும் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். கூட்டல் ஆயிரத்தெண்ணூறைத் தாண்டியது.

பழக்கம் விடுமா? "அப்ப எனக்கு எந்த டயட் நல்லது?" என்று கேட்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மறுபாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததைச் சொன்னாள். 2018-ல் முடிவு வந்தது. முதல் குழுவுக்குச் சராசரியாக 5.3 கிலோ குறைந்தது, இரண்டாவதற்கு 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு குழுவிலும் மளமளவென்று குறைந்தவர்களும் உண்டு, ஏறியவர்களும் உண்டு. "அவங்க ஆபரேஷன் பண்ணாதவங்க மேடம். ஆனா உங்களுக்கும் பேர் முக்கியமில்ல. எதுவா இருந்தாலும் வாயில வெக்கறதுக்கு முன்னாடி எழுதுங்க."

அவள் கொடுத்ததற்குப் பெயரே இல்லை. யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது. தட்டில் முதலில் புரதம்: முட்டை, மீன், கோழி, சுண்டல், தயிர். பிறகு காய். இடம் மிஞ்சினால் சோறு. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் அரை மணி இடைவெளி. மூன்று வேளை, நடுவில் ஒரு சின்ன வேளை, மற்ற நேரத்தில் வாய் மூடியிருக்க வேண்டும். காபி வீட்டில் இரண்டு, சர்க்கரை இல்லாமல். வெளியே வெந்நீர் அல்லது உப்பு மோர். மாத்திரைகள் மறுபடி. 2020-ல் கோயம்புத்தூரில் என் கையில் கொடுத்தனுப்பிய தாளில் இருந்ததும் ஏறக்குறைய இதேதான். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், எங்கே என்றுதான் தெரியவில்லை.

2025-ல் மவுன்ஜாரோ, வீகோவி ஊசிகள் இந்தியாவுக்கு வந்ததும் அதையும் கேட்டேன். டாக்டர் மறுக்கவில்லை, ஸ்லீவுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்குத் தருகிறார்கள், வேண்டுமானால் ஸ்லீவை பைபாஸாக மாற்றும் இரண்டாவது அறுவை சிகிச்சையும் இருக்கிறது. முதலில் கொஞ்ச காலம் நான் சாப்பிடுவதை எழுதும் நோட்டைப் பார்க்கலாம் என்றார். என் கண்களில் அவர் எதைக் கண்டாரோ தெரியாது. அந்த ஊசிக்கான தொடக்க நாளை நான் அதற்குள் குறித்து வைத்திருந்தேன்.

இப்போது 89. வேகமாக இறங்கவில்லை, சில வாரம் ஏறவும் செய்கிறது. நோட்டில் எல்லாம் உண்மையா என்றால், பெரும்பாலும். போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில், "மோரா? உங்களுக்குன்னு புதுசா டிகாக்ஷன் எறக்கியிருக்கேன்" என்று அந்த மாமி சொன்னபோது குடித்துவிட்டேன். எழுதவில்லை. மறுநாள் எழுதினேன், "பாதி டம்ளர்" என்று. முழு டம்ளர்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மகள் கொஞ்ச நாள் பேசவில்லை. என் ஒரு கரண்டிச் சோற்றைப் பார்த்து அவள் வருத்தப்பட்டதை நினைத்திருப்பாள். மருத்துவமனைக் கூட்டத்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள். எடை ஏறியிருக்கிறது, அதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். பேசுங்கள் என்றார்கள். தேதி இன்னும் முடிவாகவில்லை.

கரூர்ப் பெண்ணிடம் மட்டும் பேசவில்லை. அவளும் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிட்டதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அதில் என் வாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது. முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவையும் சொல்ல முடிந்த எனக்கு அவளைக் கூப்பிட முடியவில்லை. அவள் மகன் பாலிசிக்கு அடுத்த மாதம் பிரீமியம் கட்ட வேண்டும். நினைவுபடுத்துவது என் வேலை. போன வருடம் குறுஞ்செய்தி அனுப்பித் தப்பித்தேன்.